லினோ செதுக்கும் முன் நாலு வரி எழுதி வாங்குங்கள்

மீண்டும் அதே கதை. இந்த முறை வந்தவள், சித்திரக்கதையும் லினோ அச்சும் (லினோலியப் பலகையில் உளியால் செதுக்கி, மை தடவித் தாளில் எடுக்கும் அச்சு) செய்து பிழைக்கும் ஓர் இளம்பெண். ஒரு காப்பிக் கடை தன் சுவருக்கு நான்கு படங்கள் கேட்டிருக்கிறது. வாட்ஸ்அப்பிலேயே பேச்சு, முன்பணம், வேலை முடிந்ததும் மீதிப்பணம். எல்லாம் சுமுகமாக முடிந்தது. சில மாதங்களில் அதே படங்கள் அந்தக் கடையின் துணிப்பையிலும் காப்பித்தூள் பொட்டலத்திலும் ஏறிவிட்டன. பையை என் மேசையில் விரித்துக் காட்டினாள். படத்தில் இருக்கும் கிழவியின் தோளருகே உளி வழுக்கி விழுந்த மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று உண்டு. அதுகூட அப்படியே பையில் இருக்கிறது. கீழே பென்சிலில் அவள் போட்ட கையெழுத்தும் 3/20 என்ற எண்ணும் (இருபது அச்சுகளில் மூன்றாவது) இருந்த பகுதியை மட்டும் கவனமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"நான் செதுக்கியது அக்கா. பதிப்புரிமை எனக்குத்தானே? நோட்டீஸ் அனுப்பிவிடலாமா?"

இந்தக் கேள்வியை இதே நம்பிக்கையோடு கேட்டவர்கள் ஏற்கெனவே பலர். ஒவ்வொரு முறையும் "இல்லை அம்மா, பெரும்பாலும் உனக்கு இல்லை" என்று சொல்ல வேண்டியிருப்பதில் எனக்கு அலுப்பும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. கடைக்காரர் மேல் மட்டுமல்ல, நம் தொழிலில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தராததன் மேலும்தான். கலைக் கல்லூரியில், அச்சுத் தகட்டை அரிக்கும் அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்று தலையில் குட்டிச் சொல்லித் தருகிறார்கள். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு மணி நேர வகுப்புகூடக் கிடையாது.

"வரைந்தவருக்கே உரிமை" என்பது பாதி உண்மை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின் முதல் வரியில் அப்படித்தான் சொல்கிறது. எல்லோரும் அந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே விதிவிலக்குகள் இருக்கின்றன. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், பணம் பெற்றுக்கொண்டு, புகைப்படம் எடுத்தாலோ, ஓவியமோ உருவப்படமோ வரைந்தாலோ, செதுக்கு அச்சு செய்தாலோ, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை கேட்டவரே அதன் முதல் உரிமையாளர். செதுக்கு அச்சு என்பது செப்புத் தகட்டு வேலை மட்டும்தானே என்று தப்பிக்கவும் வழியில்லை. 2ஆம் பிரிவின் விளக்கத்தில் எச்சிங் (அமிலத்தால் அரித்த தகட்டு அச்சு), லித்தோகிராஃப் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு), மரச்செதுக்கு, இவை போன்ற அச்சுகள் எல்லாமே அடக்கம். நம் முழுத் தொழிலும் அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது.

திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு மறுவாரமே எழுத்தில் ஒன்றும் இல்லாமல் வேலை எடுப்பவர்களை எனக்குத் தெரியும். நீங்களாக நினைத்து, உங்கள் மேசையில் செதுக்கி, கண்காட்சியில் விற்ற அச்சு உங்களுடையது. வாங்கியவருக்குச் சொந்தம் அந்த ஒரு தாள்தான், அதைப் பையில் அச்சிடும் உரிமை அல்ல. ஆனால் ஒருவர் "எனக்கு இப்படி ஒன்று செய்து கொடுங்கள்" என்று கேட்டு, நீங்கள் காசு வாங்கிச் செய்த அச்சில் நிலைமை தலைகீழ். எழுத்தில் ஏதும் இல்லையென்றால், லினோ பலகை உங்கள் அலமாரியில் இருந்தாலும் உரிமை அவரிடம்தான். அந்தப் பலகையை எடுத்து நீங்களே இன்னொரு பதிப்பு போட்டு விற்றால் அவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியும்.

சித்திரக்கதைப் பக்கங்களில் சிக்கல் வேறு விதம். மையால் வரைந்த கட்டங்கள் அந்த விதிவிலக்கில் சொல்லும் ஓவியமா, இல்லையா என்று வழக்கறிஞர்கள் நாள்கணக்கில் வாதாடலாம். அந்தச் செலவைத் தாங்கும் நிலையில் நம்மில் யார் இருக்கிறோம்? மாதச் சம்பளத்தில் நிறுவனத்துக்கு வரைகிறவர்களுக்கு விதிகள் தனி. அவர்கள் வேலை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு ஒரு பிடி மிச்சம் இருக்கிறது. 57ஆம் பிரிவு. உரிமை கைமாறிய பிறகும், "இதைச் செய்தது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் கலைஞரிடமே இருக்கும். சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்குச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. பதிப்புரிமை அரசிடம் இருந்தும், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சிற்பத்தின் மிச்சத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. ஆகவே கையெழுத்தை வெட்டியதைக் கேட்கலாம், கேட்கத்தான் போகிறோம். பையில் வந்த லாபத்தில் பங்கு கேட்பது வேறு விஷயம். காமிக்ஸ்காரர்களுக்கு இது பரம்பரைத் துயரம். சூப்பர்மேனை உருவாக்கிய சீகலும் ஷூஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு அவனை எழுதிக் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் ஒரு தொகையும் படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைக்க 1975 வரை காத்திருந்தார்கள்.

இனி செய்ய வேண்டியது. முன்பணம் வாங்கும் முன், உளியைத் தொடும் முன், இதை வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள்: "இந்தப் படங்களின் பதிப்புரிமை என்னிடமே இருக்கும். உங்கள் கடைச் சுவரில் மாட்டிக்கொள்ள மட்டும் அனுமதி தருகிறேன். வேறு எதில் அச்சிடுவதானாலும் தனி அனுமதியும் தனிக் கட்டணமும் உண்டு. அச்சுப் பலகை என்னுடையது." அச்செடுத்து இருவரும் கையெழுத்திடுவதே நல்லது. குறைந்தபட்சம் மின்னஞ்சலில் "சம்மதம்" என்ற பதிலாவது கையில் இருக்கட்டும். எழுதிக் கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படாதீர்கள். நாலு வரிக்குப் பயந்து ஓடுகிறவர் அந்தப் படத்தை வேறு எதற்கோ வைத்திருந்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிப்பகம் நீட்டும் காகிதத்தில் "அனைத்து உரிமைகளும், என்றென்றும், உலகம் முழுவதும்" என்று இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எந்த மொழிகள், புத்தகமா திரைப்படமா பொம்மையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்துக்கு 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு நமக்குச் சாதகமாகவே வைத்திருக்கிறது. "என்றென்றும்" என்ற ஒரே சொல்லில் அதை நாமே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். தொகை பெரியதாக இருந்தால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவர் கட்டணம் வீண்செலவு அல்ல.

பதிவு செய்யாவிட்டால் உரிமையே இல்லை என்பதும் தவறு. பதிவு கட்டாயமில்லை, சான்றாக உதவும், அவ்வளவுதான். முதல் கோட்டோவியம், சோதனை அச்சுகள், தேதியுள்ள புகைப்படங்கள் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

ஏற்கெனவே எழுத்தில்லாமல் செய்து கொடுத்த வேலைகள் உங்களிடம் இருக்கும், எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலை இந்த வாரமே எடுங்கள். உறவு நன்றாக இருக்கும் வாடிக்கையாளர்களிடம் இப்போதே போய், பதிப்புரிமையை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடுதான் செல்லும், வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. பையில் படம் ஏறாத வரைக்கும் பெரும்பாலானவர்கள் தயங்காமல் போட்டுத் தருவார்கள். தயவுசெய்து படம் பையில் ஏறும்வரை மட்டும் காத்திருக்காதீர்கள்.