ஹீரோ வாயில என்ன கொழுக்கட்டையா?

ஸ்கைரிம்னு ஒரு ஆர்பிஜி வீடியோ கேம் (நாமளே கதையில ஒரு ஆளா மாறி, என்ன பேசணும் என்ன செய்யணும்னு முடிவெடுத்து ஆடற ரகம்). அதோட ஆரம்பத்துல ஊரே பத்தி எரியும், தலைக்கு மேல டிராகன் சுத்தும், கூட வர்றவன் மூச்சு விடாம பேசிட்டே ஓடுவான், நம்மாளு மட்டும் வாயே திறக்க மாட்டான். (பின்னாடி டிராகன் பாஷையில கத்துவான், ஆனா அது மந்திரம், பேச்சுல சேராது.) அது 2011. அதைச் செஞ்ச அதே பெத்தெஸ்டா கம்பெனி 2015ல ஃபால்அவுட் 4 விட்டப்போ ஹீரோவுக்கு முழுசா குரல் குடுத்துச்சு, அப்புறம் 2023ல ஸ்டார்ஃபீல்ட் வந்தா மறுபடி வாயை மூடிட்டாங்க. ஸ்டார்ஃபீல்ட்ல மொத்த வசனம் ரெண்டரை லட்சம் வரிக்கு மேல, அவ்ளோ ரெக்கார்ட் பண்றவங்க ஹீரோவை மட்டும் ஏன் விட்டாங்கன்னு தோணும்ல?

முதல்ல கணக்கைப் பாத்துடுவோம். ஒரு கொல்லன் "யாருப்பா நீ"ன்னு கேக்கறான், நீங்க நாலு விதமா பதில் சொல்லலாம், நீங்க வீரனா திருடனா மந்திரவாதியாங்கறத வச்சு அந்த நாலும் மாறும்னு வச்சுக்கோங்க. பன்னெண்டு வரி. எழுத்துல மட்டும்னா எழுத்தாளர் ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள அடிச்சுடுவார். குரல்னா ஆணுக்கு 12, பெண்ணுக்கு 12, ஸ்டூடியோ, அப்புறம் ஜெர்மன், பிரெஞ்சுன்னு டப்பிங் போனா ஒவ்வொண்ணுக்கும் இன்னொரு 24. எல்லாம் ஒரே ஒரு கேள்விக்கு! ஃபால்அவுட் 4ல ஆண் குரலுக்கு, பெண் குரலுக்குன்னு தனித்தனியா 13,000 வரி எடுத்தாங்க. 1997ல வந்த முதல் ஃபால்அவுட்ல ஹீரோவோட அறிவுக்குன்னு நாம குடுக்கற இன்டலிஜென்ஸ் பாயின்ட்டை அடிமட்டத்துல வச்சு ஆரம்பிச்சா ஹீரோவால ஒரு வாக்கியம் கூட ஒழுங்கா பேச முடியாது, சும்மா உறுமிட்டு நிப்பான், அந்த மாதிரி கிறுக்குத்தனத்துக்கெல்லாம் அப்போ கீபோர்டு இருந்தா போதும். ஒவ்வொரு வரிக்கும் ஸ்டூடியோ பில் வரும்னா முதல்ல வெட்டு விழறது இதுலதான்.

ஆனா காசை விட எனக்கு சுவாரசியமா படறது பதிலைத் தேர்ந்தெடுக்கற மெனுல நடக்கற மாற்றம். ஸ்கிரீன்ல முழு வசனத்தையும் படிச்சுட்டு அதை தேர்ந்தெடுக்கறீங்க, உடனே ஹீரோ அதே வரியை அட்சரம் பிசகாம ஒப்பிக்கறான். ரெண்டு தடவை கேட்டாலே கடுப்பாகும். அதனால பேசற ஹீரோ இருந்தா ஸ்கிரீன்ல சுருக்கம் மட்டும் காட்டுவாங்க. 2007ல மாஸ் எஃபெக்ட்ங்கற கேம் இதுக்காகவே ஒரு சக்கரம் கொண்டுவந்துச்சு, வலது பக்கம் மேல இருந்தா தன்மையான பதில், கீழ இருந்தா அடாவடி, இடது பக்கம் போனா இன்னும் விவரம் கேக்கலாம். எதிராளி பேசி முடிக்கறதுக்கு முன்னாடியே ஆப்ஷன் வந்துடும், விரல் இடம் பழகிட்டா படிக்கக்கூட வேணாம், பேச்சு சினிமா மாதிரி தடங்கல் இல்லாம ஓடும். உண்மையிலேயே கெட்டிக்கார டிசைன் அது.

கோளாறும் அங்கதான். ஃபால்அவுட் 4ல நாலு பட்டனுக்கு நாலு சுருக்கம், அதுல ஒண்ணு வெறும் "கிண்டல்"னு இருக்கும். என்ன கிண்டல், யாரை, எவ்ளோ மோசமா, ஒண்ணும் தெரியாது, அமுக்கிட்டு சாமி மேல பாரத்தைப் போட வேண்டியதுதான். ரிலீஸான கொஞ்ச நாள்லயே முழு வசனத்தையும் காட்டற மாட் (கேமை மாத்தற ஒட்டு ப்ரோகிராம்) ஒண்ணு ரசிகர்களே செஞ்சு போட்டாங்க. ஆர்பிஜி இல்லைன்னாலும் 2011ல வந்த எல்.ஏ. நுவார் துப்பறியும் கேமை இங்க சொல்லியே ஆகணும், "சந்தேகம்"னு ஒரு பட்டன், அமுக்கினா ஹீரோ சாட்சி மேல எரிஞ்சு விழுவான். 2017ல மறுபடி வெளியிட்டப்போ அந்தப் பட்டனுக்கு "கெட்ட போலீஸ்"னு பேரை மாத்திட்டாங்க, இப்போ பேரும் கத்தலும் பொருந்துது.

இதுல மூளைக்கும் ஒரு பங்கு இருக்கு. 2011ல கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆளுங்களை ஸ்கேனர்ல படுக்க வச்சு கதை படிக்கச் சொன்னாங்க, மனசுக்குள்ள, சத்தம் போடாம. "நான் வரமாட்டேன்" அப்படின்னு மேற்கோள் குறிக்குள்ள நேரடிப் பேச்சா இருந்தா காதால கேக்கற மனுஷக் குரலுக்குன்னே மூளையில இருக்கற பகுதி நல்லா வேலை செஞ்சுச்சு, வரமாட்டேன்னு அவன் சொன்னான்னு மறைமுகமா எழுதினா அவ்ளோ இல்ல. அதாவது சும்மா படிக்கும்போதே நாம உள்ளுக்குள்ள குரல் குடுத்துட்டுதான் இருக்கோம். இனிமே வர்றது என் ஊகம்: முழு வசன லிஸ்ட்ங்கறது நேரடிப் பேச்சு, அதுக்கு நம்ம மண்டையே டப்பிங் பண்ணிடுது, சக்கரத்துல வர்ற சுருக்கம் மறைமுகப் பேச்சு, அதனால அங்க டப்பிங் நடக்கறதில்ல, வெளியில இருந்து வேற ஒருத்தர் குரல் வரும்போது "இது நான் இல்லையே"ன்னு ஒரு நெருடல்.

டிராகன் ஏஜ் 2 (2011) இதை ஓரளவு சமாளிச்சுச்சு. ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் தொனி என்னன்னு ஒரு படம், ஆலிவ் கிளைன்னா சமாதானம், முகமூடின்னா நக்கல், முஷ்டின்னா முரட்டுத்தனம். நீங்க எதை அதிகமா தேர்ந்தெடுக்கறீங்கன்னு கேம் கவனிச்சுக்கிட்டே வரும், நக்கல் பேர்வழின்னா நீங்க தேர்ந்தெடுக்காத சில்லறை வசனம் கூட நக்கலாவே வந்து விழும். அதுக்கு அந்த வரிகளை எத்தனை தொனியில பேசி வச்சிருக்கணும்னு யோசிங்க.

பேர் இன்னொரு தலைவலி. ஹீரோவுக்கு நீங்க டைப் பண்ற பேரை நடிகர் எப்படிப் பேசுவார்? அதான் மாஸ் எஃபெக்ட் ஹீரோவுக்கு ஷெப்பர்ட், டிராகன் ஏஜ் 2 ஹீரோவுக்கு ஹாக்னு மாத்த முடியாத குடும்பப் பேர் ஒண்ணை ஒட்ட வச்சிடறாங்க. ஃபால்அவுட் 4ல காட்ஸ்வொர்த்ங்கற ரோபோவுக்கு மட்டும் கிட்டத்தட்ட 1,000 பேர் பேசி வச்சாங்க, அதுல இல்லாத பேர்னா ஆணுக்கு "சார்", பெண்ணுக்கு "மம்"தான்.

2023ல வந்த பால்டர்ஸ் கேட் 3 நடுவுல ஒரு வழி புடிச்சுச்சு. நடக்கும்போது, சண்டையில ஹீரோவுக்கு ஒண்ணு ரெண்டு வரி உண்டு, உரையாடல்ல கிடையாது, முழு வசனமும் எழுத்தா லிஸ்ட்ல வரும், உங்க மனசுக்குள்ள ஓடறதை கதைசொல்லி ஒருத்தங்க "நீ"ன்னு கூப்பிட்டு சொல்லுவாங்க. ஆனா கேமரா சினிமா மாதிரி மூஞ்சிக்கு மூஞ்சி வெட்டி வெட்டிப் போகும், உங்காளு முறை வர்றப்போ பேசாம புருவத்தைத் தூக்கிட்டு நிப்பான். அந்தப் புருவத்தைப் பாக்கறப்போ மட்டும் எனக்கு, டேய், ஒரு "ம்"மாவது சொல்லித் தொலையேண்டான்னு இருக்கும்.