சூதானத்தில் சூது இல்லை

எங்கள் பக்கம் பிள்ளைகள் வெளியே கிளம்பினால் பாட்டிமார் நடைவரை வந்து சொல்வார்கள்: "மக்கா, பாத்து சூதானமா போயிற்று வா." நாகர்கோவிலில் வக்கீல் தொழில் பார்க்கும் எனக்கும் கட்சிக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்த சொல் இது. ஆனால் சூதானம் என்றதும் பலருக்குச் ‘சூது’தான் காதில் விழுகிறது. அடுத்தவனைக் கள்ளனாகப் பார்க்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சொல் வந்த வழி அதுவல்ல. அகராதிகள் கைகாட்டுவது ‘சாவதானம்’ என்ற வடசொல்லை. அவதானம் என்றால் கவனம். அதோடு கூடியது சாவதானம். பேச்சில் உருண்டு அது சூதானமாகிவிட்டது. அவதானத்துக்கு ஆளைத் தேடி நாம் தூரம் போக வேண்டாம். 1907-இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துச் சதாவதானி ஆன செய்குத்தம்பிப் பாவலர் நம் இடலாக்குடிக்காரர். இன்னொரு வேடிக்கை: இந்தியில் ‘சாவ்தான்’ என்றால் உஷார். களியக்காவிளை தாண்டினால் மலையாளத்தில் அதே சொல்லுக்கு ‘மெதுவாக’ என்று பொருள். இரண்டையும் சேர்த்தால்தான் எனக்குச் சூதானம் சரியாக விளங்குகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார். ஏழு சென்ட் விளை, அதாவது தோட்ட நிலம், வாங்கி, பிரமாணம் (கிரயப் பத்திரம்) முடித்து, வீடு கட்ட வானமும் தோண்டியாகிவிட்டது. அப்புறம்தான் நோட்டீஸ் வந்திருக்கிறது. விற்றவர்கள் அண்ணன் தம்பிகள் மூவர். அப்பா உயில் எழுதாமல் இறந்தவர். மூத்த அக்கா ஒருவர் மார்த்தாண்டம் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்டவர். அவர் கையெழுத்து பிரமாணத்தில் இல்லை.

"வில்லங்கம் போட்டுப் பாத்தேன் சாரே, ஒண்ணும் இல்ல. பட்டாவும் அவனுவ பேர்லதான் கெடக்கு" என்றார்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வில்லங்கச் சான்றில் தெரிவது பதிவான ஆவணங்கள் மட்டுமே. ஒருவர் இறந்துவிட்டார் என்பதும் அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் அதில் ஏறாது. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது. வாரிசுச் சான்றை வாங்கிப் பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணிப் பார்த்திருந்தால் அன்றைக்கே அக்கா தெரிந்திருப்பார்.

விற்றவர்கள் கிறிஸ்தவர்கள். "அவளுக்குத்தான் சீதனம் குடுத்தாச்சே" என்பது அவர்கள் வாதம். இந்தப் பேச்சுக்கு வேர் இருக்கிறது. நம் மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு 1092-இல், அதாவது 1916-இல், வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாவிட்டால் மகனுக்கு வருவதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. சொத்தில் சம பங்கு கேட்டு மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாததாகிவிட்டது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. மகனும் மகளும் சமம். தீர்ப்பு வந்து இத்தனை வருடமாகியும் வீட்டுத் திண்ணைகளில் 1092 இன்னும் நடப்பில்தான் இருக்கிறது! (இந்துக் குடும்பங்களிலும் இதே பேச்சு உண்டு, அது தனிக் கதை.)

வாங்குவதற்கு முன் ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்டேன். "அவன் எனக்க கூட்டுக்காரன் சாரே. ஒனக்கு அக்கா தங்கச்சி உண்டுமா, அவளுவளும் ஒப்பு போடுவாளுவளான்னு எப்படிக் கேக்க? தப்பா நெனைப்பான்லா?" நாள் வேறு பார்த்தாகிவிட்டதாம், தள்ளிப்போட முடியாதாம்.

வழக்கு சமரசத்துக்கு வந்தது. அக்காவின் பங்குக்குத் தனியாகப் பணம் கொடுத்து, அவர் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதினோம். சார்பதிவாளர் அலுவலகத்து பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தபோது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "அண்ணைக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா, பஸ் ஏறி வந்து சும்மா ஒப்பு போட்டுட்டுப் போயிருப்பேன். ஒருத்தனும் கேக்கல்ல."