கன்செஷன்: சலுகையா, குத்தகையா?

"துறைமுகத்தில் புதிய முனையம், தனியார் நிறுவனத்துடன் 35 ஆண்டு சலுகை ஒப்பந்தம்" என்று ஒரு செய்தி. அதைப் படித்துவிட்டு எங்கள் பெரியப்பா கேட்டார்: "முப்பத்தஞ்சு வருஷத்துக்கா? எவ்வளவு தள்ளுபடியாம்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. செய்தியில் 'சலுகை' என்று வந்தது ஆங்கிலத்தின் 'கன்செஷன்'. அதை அவர் பார்த்ததெல்லாம் ரயில் டிக்கெட்டிலும் பள்ளிப் பிள்ளைகளின் பஸ் பாஸிலும்தான். அதற்குத் தமிழில் சலுகை என்றால் பொருத்தம். ஆனால் துறைமுகக் கன்செஷனில் யாரும் யாருக்கும் விலையைக் குறைப்பதில்லை. அரசுக்குச் சொந்தமான ஓர் இடத்தில், இத்தனை ஆண்டுக்கு, உன் பணத்தைப் போட்டுக் கட்டி, நடத்தி, கட்டணம் வாங்கிக்கொள், எனக்குச் சேரவேண்டியதைக் கொடு, காலம் முடிந்ததும் திருப்பித் தந்துவிட்டுப் போ என்று கொடுக்கும் உரிமைதான் அது. துறைமுகங்களில் முதலீட்டு வாய்ப்பு என்று வளரும் நாடுகள் கூவி அழைக்கும்போது, கடைசியில் பெரும்பாலும் கையெழுத்தாவது இந்தத் தாளில்தான்.

சொல்லின் வேர் இலத்தீன். 'கொன்கேடெரே' என்றால் விட்டுக்கொடுத்தல், இணங்குதல். அந்த ஒரே வேரிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. விலையில் விட்டுக்கொடுத்தால் ரயில் கன்செஷன். உரிமையை விட்டுக்கொடுத்தால் சுரங்கக் கன்செஷன், கால்வாய்க் கன்செஷன், துறைமுகக் கன்செஷன். அமெரிக்கத் திரையரங்குகளில் பாப்கார்ன் விற்கும் இடத்துக்கும் கன்செஷன் என்றுதான் பெயர். பாப்கார்ன் மலிவு என்பதால் அல்ல (மலிவாகவா விற்கிறார்கள்!), அங்கே விற்கும் உரிமையை ஒருவருக்கு விட்டதால் வந்த பெயர். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டை நகராட்சி ஏலம் விடுகிறதே, கிட்டத்தட்ட அதேதான்.

இந்த இரண்டாம் பொருளை உலகம் முழுக்கப் பரப்பியதில் சூயஸ் கால்வாய்க்குப் பெரிய பங்கு உண்டு. 1854இல் எகிப்தின் ஆட்சியாளர் சயீத் பாஷா, பிரெஞ்சுக்காரரான ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸுக்கு அந்த உரிமையைக் கொடுத்தார். கால்வாய் திறந்த நாளிலிருந்து 99 ஆண்டு. நிகர லாபத்தில் 15 விழுக்காடு எகிப்து அரசுக்கு. கால்வாய் 1869இல் திறந்தது, ஆக 1968இல் அது எகிப்திடம் திரும்பியிருக்க வேண்டும். இதற்கிடையில் கடனில் மூழ்கிய எகிப்து, 1875இல் தன் பங்குகளை பிரிட்டனுக்கு விற்றது. பிறகு 1880இல் அந்த 15 விழுக்காட்டையும் விற்றது. தன் மண்ணில் ஓடும் கால்வாயிலிருந்து தனக்கே லாபப் பங்கு இல்லை என்ற நிலை. 1956இல் எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார், கெடு முடிய இன்னும் 12 ஆண்டு இருக்கும்போதே. கன்செஷன் என்ற சொல்லைக் கேட்டதும் வளரும் நாடுகளில் பலருக்கு இன்றும் நெருடுவதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

சரி, இன்றைய துறைமுகத்தில் அது எப்படி நடக்கிறது? கொழும்பைப் பார்த்தால் தெளிவாகப் புரியும். அங்கே நிலமும் கடற்பரப்பும் இலங்கைத் துறைமுக அதிகாரசபையுடையவை. தெற்குத் துறைமுகத்துக்காகக் கிட்டத்தட்ட 6.8 கிலோமீட்டர் நீள அலைதடுப்புச் சுவரை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனின் உதவியோடு அதிகாரசபையே கட்டியது. அந்தச் சுவரால் எந்தத் தனியாருக்கும் நேரடி வருமானம் இல்லை, அதனால் அதை அரசுதான் செய்தாக வேண்டும். சுவருக்கு உள்ளே, அலை அடங்கிய நீரில் கட்டும், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் முனையங்களில்தான் காசு இருக்கிறது. தனியாரை அழைப்பது அதற்குத்தான்.

1999இல் ராணி எலிசபெத் தளம் (தளம் என்பது கப்பல் வந்து நிற்கும் இடம்) 30 ஆண்டுக்குத் தனியார் கூட்டு நிறுவனம் ஒன்றிடம் போனது. 2013இல் இயங்கத் தொடங்கிய சீன முனையத்துக்கு 35 ஆண்டு. அதில் சீன நிறுவனமான சைனா மெர்ச்சன்ட்ஸுக்கு 85 விழுக்காடு, அதிகாரசபைக்கு 15. மேற்கு முனைய ஒப்பந்தம் 2021 செப்டம்பரில், அதுவும் 35 ஆண்டு. அதானிக்கு 51, இலங்கை நிறுவனமான ஜோன் கீல்ஸுக்கு 34, அதிகாரசபைக்கு அதே 15. 1,400 மீட்டர் தளம், 20 மீட்டர் ஆழம். 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. கிழக்கு முனையத்தில் இந்தியாவும் ஜப்பானும் சேர்வதாக 2019இல் பேசியதை, தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2021 பிப்ரவரியில் இலங்கை அரசு கைவிட்டது.

ஏன் 30, 35 என்று இவ்வளவு நீளம்? துறைமுகத்தில் கிரேனை வேண்டுமானால் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். கடலுக்குள் இறக்கிய தளச்சுவரைக் கழற்ற முடியாது. தோண்டிய ஆழத்தை மூட்டை கட்ட முடியாது. போட்ட பணம் (கன்டெய்னர்) பெட்டி பெட்டியாக, சில ஆயிரம் ரூபாய் கட்டணமாகத்தான் திரும்பும். 10 ஆண்டுக்கு என்றால் ஒருவனும் வரமாட்டான்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். செய்திகளில் அதிகம் புழங்குவது குத்தகை. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக்கு, 112 கோடி டாலருக்குப் போனபோது தமிழில் எங்கும் குத்தகை என்றே எழுதினார்கள். சலுகையைவிட இது நூறு மடங்கு மேல். ஆனால் இதிலும் ஒரு குறை இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் வயலோடு வாழ்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: குத்தகை வேறு, வாரம் வேறு. விளைந்தாலும் காய்ந்தாலும் இத்தனை மூட்டை என்று பேசினால் குத்தகை. விளைந்ததில் உனக்கு இத்தனை, எனக்கு இத்தனை என்றால் வாரம். நிலக்காரர் பங்கு மேல்வாரம், பயிர் செய்தவர் பங்கு குடிவாரம்.

துறைமுக ஒப்பந்தங்களிலும் இதே இரண்டு வழிதான். ஒரு பெட்டிக்கு இவ்வளவு ரூபாய் என்று நிர்ணயித்து வாங்குவது குத்தகைக்குப் பக்கத்தில் வரும். வருவாயில் இத்தனை விழுக்காடு என்றால் அப்பட்டமான வாரம். தூத்துக்குடியில் இந்த வேறுபாட்டுக்காகவே உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1998இல் அங்கே 7ஆம் தளத்தை பி.எஸ்.ஏ. சிகால் நிறுவனம் 30 ஆண்டுக்கு எடுத்தது. பெட்டி ஒன்றுக்கு உரிமைத்தொகை, அது ஆண்டுக்காண்டு ஏறும். பின்னால் வந்த முனையங்களெல்லாம் வருவாய்ப் பங்குக்கு மாறிவிட, எங்களுக்கும் அப்படியே மாற்றுங்கள் என்று நிறுவனம் கேட்டது. நடுவர் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது: ஒரு தரப்பு சம்மதிக்காத புதிய ஒப்பந்தத்தை அதன் தலையில் கட்ட முடியாது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. "குத்தகைக்கு எடுத்தவன் நடுவுல வந்து வாரமா மாத்துன்னா எவன் கேப்பான்" என்றார்.

ஒத்தி என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. கடன் கொடுத்தவரே நிலத்தை எடுத்து அனுபவித்து, பணம் திரும்பியதும் விடுவது. அம்பாந்தோட்டையை 'கடனுக்காகச் சீனா பிடுங்கிக்கொண்டது' என்பவர்கள் அதை ஒத்தியாக நினைக்கிறார்கள். நடந்தது அதுவல்ல. கடன் கொடுத்தது சீன அரசின் எக்சிம் வங்கி, துறைமுகத்தை எடுத்தது சைனா மெர்ச்சன்ட்ஸ். வந்த பணம் அந்தக் கடனை அடைக்கப் போகவில்லை, டாலர் கையிருப்பைக் கூட்டப் பயன்பட்டது. கடன் கடனாகவே இலங்கையின் தலையில் இருந்தது. நல்ல பேரமா என்பது வேறு விவாதம். ஆனால் சொல்லைத் தப்பாகப் போட்டால் கணக்கும் தப்பாகிவிடும்.

உரிமம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது லைசென்ஸுக்குப் பழகிவிட்டது. ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவருக்குச் சாலையில் பங்கு கிடையாது. கட்டுக்குத்தகை என்று ஒட்டலாம் என்றால், பழைய வருவாய்க் கணக்கில் அது மாறாத குறைந்த தீர்வைக்கு விட்ட நிலம்.

எனக்குப் பிடித்தது நடத்துரிமை. சொத்து கைமாறவில்லை, நடத்தும் உரிமைதான் கைமாறியது என்பதைச் சொல் தானே சொல்லிவிடும். நடத்துரிமை ஒப்பந்தம், நடத்துரிமைக் காலம், நடத்துரிமையாளர் என்று நீட்டவும் வாகாக இருக்கிறது ('சலுகையாளர்' என்று ஓர் அறிக்கையில் பார்த்தேன், ரேஷன் கடை வரிசை நினைவுக்கு வந்தது). தலைப்பில் இடம் போதாவிட்டால் குத்தகை என்றே போடலாம், தப்பில்லை. செய்தியின் உள்ளே மட்டும், பெட்டிக்கு இவ்வளவா, வருவாயில் பங்கா என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். காலம் முடிந்து திருப்பித் தருவதற்கு இலங்கைத் தமிழில் கையளிப்பு என்ற அழகான சொல் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.