அழுக்கேறிய ஃபில்டர் ஏன் கூடுதலாக வடிகட்டுகிறது?

அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். யாரோ ஓட்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அண்மையில் வாங்கிய அவர், வாரத்தில் ஓரிரு நாள் அதில் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள அலுவலகத்துக்குப் போகிறார்; ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறார். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் தாண்டுவதில்லை. மாதந்தோறும் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கம்ப்ரெஸரில் காற்றடித்துச் சுத்தம் செய்துவிடுகிறார். காகித ஃபில்டருக்குப் பதிலாக எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் போடலாமா, இவ்வளவு குறைவாக ஓடும் வண்டிக்கு ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள். இரண்டுக்கும் விடை சொல்வதற்கு முன், அவர் கேட்காத மூன்றாவது விஷயமான அந்தக் காற்றடிப்பைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று தேவை. கொள்ளளவில் அது 9,000 லிட்டருக்கும் அதிகம். நம் தெருவுக்கு வரும் பெரிய தண்ணீர் லாரி ஒன்றை நிரப்பும் அளவு. அந்தக் காற்றோடு வரும் சாலைத் தூசியில், மணலில் இருக்கும் கடினமான கனிமமான குவார்ட்ஸின் துகள்கள் கலந்திருக்கின்றன. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனே உடையது; நம் தலைமுடியோ சுமார் 70 மைக்ரான். படலத்தைவிடச் சற்றே பெரிய குவார்ட்ஸ் துகள் அங்கே நுழைந்துவிட்டால், அது உப்புத்தாள் போல் உலோகத்தைத் தேய்க்கும்.

ஏர் ஃபில்டர் என்பது ஒரு சல்லடை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒருமுறை நான் கழித்துப்போட்ட ஃபில்டர் ஒன்றின் மடிப்புகளைப் பிரித்துக் கூடத்தில் விரித்தேன். கையடக்கமாக இருந்த அந்தப் பொருள், பாய்போல நீண்டுகொண்டே போனது. அதன் ஒரு துண்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது சல்லடைக் கண்கள் எவையும் இல்லை. தேங்காய் நார்போல ஒழுங்கின்றிப் பின்னிக் கிடந்த இழைகளும், அவற்றுக்கிடையே பல பத்து மைக்ரான் அகலமுள்ள இடைவெளிகளும்தான் தெரிந்தன. அவ்வளவு அகலமான வழியில் 5 மைக்ரான் துகள் எளிதாகப் போய்விடலாம். ஆனால் பெரும்பாலும் போவதில்லை, அதற்குக் காரணம் மூன்று வெவ்வேறு இயற்பியல் நிகழ்வுகள்.

காற்று ஓர் இழையை நெருங்கும்போது அதைச் சுற்றி வளைந்து செல்கிறது. பெரிய துகளால் அப்படி வளைய முடிவதில்லை; கத்திப்பாரா மேம்பால வளைவில் இருசக்கர வண்டி திரும்பும் வேகத்தில் ஜல்லி ஏற்றிய லாரி திரும்ப முயன்றால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகிறது. துகள் தன் நிலைமத்தால் நேராகப் போய் இழையில் மோதுகிறது. நடுத்தரத் துகள் காற்றோடு சேர்ந்து வளைந்தாலும், இழையை உரசிச் செல்லும்போது அதன் உடல் இழையில் பட்டுவிடுகிறது. தொட்டால் போதும், பசை எதுவும் தேவையில்லை. மிக நெருங்கிய பொருள்களின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று மெல்ல ஈர்க்கும் வான் டெர் வால்ஸ் விசையே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என்னை என்றும் வியக்கவைப்பது மூன்றாவது நிகழ்வு. மிக நுண்ணிய துகளைக் காற்று மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளுவதால், தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவில் அகப்பட்ட குழந்தைபோல அது நேர்கோட்டில் நகரவே முடியாமல் அலைந்து, ஏதோ ஓர் இழையில் போய் ஒட்டிக்கொள்கிறது. 1827இல் ராபர்ட் பிரௌன் கண்டு, 1905இல் ஐன்ஸ்டீன் விளக்கிய அதே அலைவுதான் இது. ஆகவே மிகப் பெரியவையும் மிகச் சிறியவையும் சிக்கிக்கொள்ள, இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவுள்ளவையே அதிகம் தப்பிச் செல்கின்றன. நல்ல வேளையாக, ஆயில் படலத்தைவிட அவை மெல்லியவை என்பதால் எஞ்சினுக்கு அவற்றால் பெருந்தீங்கு இல்லை.

பிடிபட்ட துகள், அடுத்த துகளுக்குத் தானே ஒரு பொறியாகிவிடுகிறது. துகள்மேல் துகளாக ஏறி, இழையிலிருந்து கிளைவிட்ட சங்கிலிகளாக அவை வளர்ந்து, புதிய ஃபில்டரில் திறந்திருந்த வழிகளை அடைக்கின்றன. எனவே காகித ஃபில்டர் மிகக் குறைவாக வடிகட்டுவது அது புத்தம் புதிதாக இருக்கும் முதல் நாளில்தான். அழுக்கேற ஏற அதன் திறன் கூடுகிறது. காற்றடித்துச் சுத்தம் செய்கிறவர் இந்தச் சங்கிலிகளை அறுத்து ஃபில்டரை மீண்டும் முதல் நாளுக்குக் கொண்டுபோகிறார். அதோடு இழைகளையும் கிழிக்கிறார். அழுக்கு ஃபில்டரால் மைலேஜ் குறையும் என்ற அச்சமும் பழைய கார்புரேட்டர் காலத்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009இல் வெளியிட்ட ஆய்வு, எரிபொருளைக் கணினி அளந்து செலுத்தும் பெட்ரோல் எஞ்சின்களில் அடைபட்ட ஃபில்டரால் எரிபொருள் செலவு குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை, வேகமெடுக்கும் திறனே குறைகிறது என்று காட்டியது.

இந்த ஃபில்டர்களைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் தரப்படுத்தப்பட்ட தூசி, அமெரிக்காவின் அரிசோனா பாலைவன மண்ணிலிருந்து பெறப்படுவது. ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவுகோல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் மெட்ரோ ரயில் பணிகளின் சிமென்ட், டயர் தேய்மானத் துகள், கடலுப்பு எல்லாம் கலந்த நம் காற்றில் எந்த ஃபில்டர் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் அளக்க வேண்டாமா? ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. கிண்டியில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே ஐஐடியில் ஒரு தேசிய மையம் இருக்கிறது. கடையில் விற்கும் ஃபில்டர்களை நம் ஊர்த் தூசியில் சோதித்து முடிவுகளை மக்களுக்கு வெளியிட அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆயில் ஃபில்டரின் கதை வேறு. காற்றைவிடப் பன்மடங்கு பிசுபிசுப்பான ஆயிலில் துகள்கள் நிலைமத்தால் பாய்வதும் இல்லை, பிரௌன் அலைவால் திரிவதும் மிகக் குறைவு. ஆகவே அது உண்மையாகவே சல்லடைக்கு நெருக்கமானது. அங்கே கவனிக்க வேண்டியது பைபாஸ் வால்வு. ஃபில்டர் அடைபட்டால் அந்த வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை எஞ்சினுக்கு அனுப்பும். ஆயிலே வராமல் போவதைவிட அழுக்கு ஆயில் மேல். அது எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் மரை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் ஒரு ஃபில்டரை வாங்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அதிக சுழற்சியில் அதிக ஆயிலைத் தள்ளும் ஸ்போர்ட்ஸ் எஞ்சினுக்கு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணுள்ள ஃபில்டரே சரி.

ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. கரியைத் தன்னுள் மிதக்கவைப்பது ஆயிலின் வேலை, ஆகையால் கறுக்கத்தான் செய்யும். மாற்றும் காலத்தைக் கிலோமீட்டரால் மட்டும் அளப்பதும் சரியல்ல. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட 125 மணி நேரம் போதும். நம் நெரிசலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் அதே தொலைவுக்கு எஞ்சின் 500 மணி நேரம் இயங்கியிருக்கும். மேலும், ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. அதில் சிறிதளவு பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலுக்குள் இறங்குகிறது. நீண்ட ஓட்டத்தில் ஆயில் சூடேறி அது ஆவியாகிவிடும். பக்கத்துக் கடைவரை போய்த் திரும்பும் வண்டியில் அங்கேயே தங்கி, அமிலங்களோடு சேர்ந்து ஆயிலைக் கெடுக்கும்.

ஆகவே வாசகருக்கு என் விடை இது. 4,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் முழுக்க ஓட்டினால், அந்த வெப்பத்துக்குப் பிறகு ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பஞ்சு ஃபில்டர் பொதுவாகக் காகிதம் அளவுக்கு நுண்தூசியைப் பிடிப்பதில்லை; அதில் எண்ணெய் மிகுந்துவிட்டால் காற்றின் அளவை அறியும் உணரிக் கம்பியிலும் படியும். சாலையில் ஓடும் வண்டிக்குக் காகிதமே போதும், கையேட்டில் சொன்ன காலம்வரை அதைத் தொட வேண்டாம். வேளச்சேரி மழைநீரில் வண்டி இறங்கி ஃபில்டர் நனைந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். மாற்றும் நாளில், ஃபில்டருக்கு அப்பால் எஞ்சினை நோக்கிச் செல்லும் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். விரலில் நெருநெருக்கும் தூசி துணியில் வந்தால், காற்று காகிதத்தின் வழியாகப் போகாமல் ஃபில்டரின் ரப்பர் விளிம்பைச் சுற்றிப் போயிருக்கிறது என்று பொருள்.