வெட்டுவதற்கு முன் நனைத்துவிடுங்கள்

புடவைக்கு ஃபால்ஸ் வாங்கினால் முதலில் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, அப்புறம்தான் தைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். பிளவுஸ் லைனிங்குக்கும் அதேதான். இவ்வளவு தெரிந்தும் ஒரே ஒரு தடவை நனைக்காமல் விட்டேன், டர்பனில் வேலை பார்க்கும் தோழி விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த ஷ்வெஷ்வே என்ற தென்னாப்பிரிக்க அச்சுத்துணி இரண்டு மீட்டரில். அடர்நீலம், அதில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். கையில் எடுத்தால் துணி மாதிரியே இல்லை, காலண்டர் அட்டை மாதிரி மொடமொடவென்று நிற்கிறது. இப்படிப்பட்ட துணியை வெட்டுவது தனி சுகம்; கோடு போட்ட இடத்தில் கோடு நிற்கும், கத்தரி வழுக்காது. அந்த சுகத்தில் நேராகச் சதுரம் சதுரமாக வெட்டி, இடையிடையே வெள்ளை பாப்ளின் வைத்து, தங்கை குழந்தைக்கு ஒரு குயில்ட் தைத்துக் கொடுத்துவிட்டேன். முதல் துவையலில் நீலச் சதுரங்கள் சுருங்கிக்கொண்டன, வெள்ளைச் சதுரங்கள் பூரி மாதிரி உப்பி நின்றன. அந்த வெள்ளையும் வெள்ளையாக இல்லை.

குயில்ட் என்பது நம் பாட்டிகள் பழம்புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்புக்கு உறவுக்காரி. மேலே ஒட்டுத்துணிகளைச் சேர்த்த ஒரு பரப்பு, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் பிடித்துக்கொள்ள ஓட்டுத்தையல். ஆப்பிரிக்கத் துணிகளை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் தென்னாப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் நிறைய. அவர்கள் தையலைப் பற்றிப் பேசும் நேரத்தைவிட வாளியைப் பற்றிப் பேசும் நேரம் அதிகம் என்பது போகப்போகத்தான் எனக்குப் புரிந்தது. ஒரு துணியில் நிறம் எப்படி ஏறியது என்று தெரியாமல் அதை இன்னொரு துணியோடு சேர்த்துத் தைப்பது, சாதகம் பார்க்காமல் செய்யும் கல்யாணத்தைவிட ஆபத்து.

ஷ்வெஷ்வேயில் இருந்தே தொடங்கலாம். 1840களில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் தென்னாப்பிரிக்கப் பகுதியின் பசோதோ மக்களுடைய மன்னர் முதலாம் மொஷ்வெஷ்வேக்கு நீலத்துணி பரிசளித்தார்கள், அவர் பெயரே துணிக்கு ஒட்டிக்கொண்டது என்பது வழக்கில் உள்ள கதை. கோசா மொழியில் அதற்கு உஜாமனி என்று இன்னொரு பெயரும் உண்டு, ஜெர்மன் குடியேறிகள் உடுத்திய துணி என்பதால். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் மாதக்கணக்கில் வரும்போது கெடாமல் இருக்கக் கனமாகக் கஞ்சி போட்டார்கள். இன்று கிழக்கு கேப் மாகாணத்தில் ஸ்வெலிட்ஷா என்ற ஊரில் டா காமா டெக்ஸ்டைல்ஸ் ஆலையிலேயே அச்சாகிறது, கடல் தாண்ட வேண்டிய தேவையில்லை, ஆனாலும் கஞ்சி போகவில்லை. அந்த விறைப்பும் வாசனையும் இல்லையென்றால் வாங்குகிறவர்கள் போலி என்று சந்தேகப்படுவார்கள். நுனியை நாக்கில் வைத்து உப்புக்கரிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள்கூட உண்டாம்.

சரி, ஏன் சுருங்கியது? தறியில் பாவு நூலை, அதாவது நீளவாட்டு நூலை, இழுத்துக் கட்டித்தான் நெய்கிறோம். அதற்கப்புறம் வெளுப்பது, சாயமேற்றுவது, அச்சடிப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் துணியை உருளைகள் இழுத்துக்கொண்டே போகின்றன. இழுபட்ட நூல் பழைய நிலைக்குத் திரும்பத்தான் பார்க்கும். ஆனால் காய்ந்த பருத்தியில் செல்லுலோஸ் இழைகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் அதை அப்படியே பிடித்து வைத்திருக்கும், போதாததற்குக் கஞ்சி வேறு மேலே உறைந்து நிற்கும். தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைகிறது, தண்ணீர் இழைக்குள் புகுந்து அந்தப் பிணைப்புகளைத் தளர்த்துகிறது, நூல் ஊறித் தடிக்கிறது. குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூலின் மேலும் கீழுமாக வளைந்து போக பாவு நூலுக்கு இப்போது கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளத்தைத் துணி தன் நீளத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. மீட்டருக்கு மூன்று, நாலு சென்டிமீட்டர் போவது சாதாரணம். தனித்துணியாக இருந்தால் தெரியாது. சுருங்காத துணிக்குப் பக்கத்தில் தைத்திருந்தால் பூரிதான்.

வெள்ளைப் புள்ளிகள் விஷயம் இன்னும் சுவாரசியம். அவை வெள்ளைச் சாயத்தால் வைத்த புள்ளிகள் இல்லை. முதலில் துணி முழுவதையும் நீலமாக்கிவிடுகிறார்கள், அப்புறம் நுணுக்கமாகச் செதுக்கிய செம்பு உருளைகள் அமிலக் கரைசலைத் துணியில் பதித்துக்கொண்டே போகின்றன. கரைசல் பட்ட இடத்தில் நீலம் அழிந்து, அடியில் இருந்த பருத்தி எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் புள்ளியைத் தடவினால் விரலில் மேடு பள்ளம் தெரியாது.

அந்த நீலத்தின் பரம்பரை இண்டிகோ, நம் அவுரி. இது மற்ற சாயங்களைப் போல நடந்துகொள்ளாது, தண்ணீரில் கரையவே கரையாது. ஆக்சிஜனைப் பறித்த காரத் தொட்டியில் மட்டும் பச்சையும் மஞ்சளுமாகக் கரைந்து நிற்கும், அந்த நிலையில்தான் நூலுக்குள் போகும். துணியை வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் கண்ணெதிரே பச்சை நீலமாக மாறும். மாறியதும் மறுபடி கரையாத பொருளாகி இழைக்குள் மாட்டிக்கொள்ளும். நைஜீரியாவில் கானோ நகரத்தின் கோஃபர் மாத்தா சாயக்குழிகளில் 1498 முதல் இதைச் செய்துவருவதாகச் சொல்கிறார்கள். நாமும் இதில் வெளியாட்கள் இல்லை. புதுச்சேரியில் நெய்து நீலமேற்றிய துணி 'கினே' என்ற பெயரில் செனகல் ஆற்றங்கரைக்குப் போய், அங்கே பிரெஞ்சு வியாபாரிகள் கருவேலம்பிசின் வாங்கக் காசுக்குப் பதிலாகக் கொடுக்கும் பொருளாகவே புழங்கியது.

இழைக்குள் மாட்டிக்கொள்ளும் என்றேன் இல்லையா, எல்லாம் மாட்டிக்கொள்வதில்லை. மேலாக ஒட்டிய நீலத்துகள்கள் தேய்த்தால் வந்துவிடும், புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வெள்ளை சோபாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒரு கைப்பிடி கல் உப்பு, வெளிநாட்டில் வினிகர். இரண்டும் இங்கே உதவாது. உப்புக்கு வேலை சாயத்தொட்டியிலேயே முடிந்துவிட்டது. சில சாயங்களைப் பருத்தியின் பக்கம் தள்ளிவிட அது அங்கே தேவை. துவைக்கும்போது நமக்கு வேண்டியது நேர் எதிரான வேலை, ஒட்டாத சாயத்தை வெளியே அனுப்புவது. அதற்கு நிறையத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பொறுமை. வினிகர் கம்பளி, பட்டுச் சாயங்களோடு உறவுள்ளது, பருத்தியோடு இல்லை. ஒரு சோதனை மட்டும் போதும்: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து துணியின் ஓரத்தில் பத்து தடவை தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நீலம் வந்தால் இன்னொரு வாளி.

ஆப்பிரிக்கத் துணி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பளீரென்ற வண்ணத்தில் பெரிய பெரிய உருவங்கள் போட்ட வேக்ஸ் துணி. அதன் பிறப்பு ஜாவா பாட்டிக், அதாவது மெழுகால் மறைத்துச் சாயமேற்றும் துணி. அதை இயந்திரத்தில் செய்ய முனைந்த டச்சுக்காரர்கள் மெழுகுக்குப் பதில் பிசினை உருக்கித் துணியின் இரண்டு பக்கமும் அச்சடித்தார்கள். 1846இல் நெதர்லாந்தின் ஹெல்மோண்டில் தொடங்கிய வ்லிஸ்கோ இன்றும் இதைத்தான் செய்கிறது. பிசின் காய்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். துணியைக் கயிறாகத் திரித்துச் சாயத்தில் போட்டால் பிசினில் விரிசல் விழும், விரிசல் வழியே நீலம் கசிந்து நரம்பு நரம்பாகக் கோடு விழும். ஜாவாக்காரர்களுக்கு அது குறையாகத் தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் அதையே கேட்டு வாங்கினார்கள். விரிசல் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே ஒரே டிசைனில் இரண்டு கெஜம் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. டோகோவின் லோமே நகரில் இந்தத் துணி வியாபாரத்தில் பணம் பார்த்துப் பென்ஸ் கார் வாங்கிய பெண்களுக்கு 'நானா பென்ஸ்' என்றே பெயர்.

குயில்ட் தைக்கிறவருக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம். அசல் வேக்ஸில் முன்பக்கம், பின்பக்கம் பேதமே தெரியாது, அதனால் முக்கோணத்தைத் திருப்பிப்போட்டும் தைக்கலாம். மலிவான நகலில் பின்பக்கம் வெளிறியிருக்கும். இரண்டாவது, உருவங்கள் பெரியவை. இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டினால் பறவை போய் இறகு மட்டும் மிஞ்சும். கூண்டிலிருந்து பறவை பறக்கும் ஒரு டிசைன் உண்டு, 'நீ வெளியே போனால் நானும் போவேன்' என்று கணவனுக்கு மனைவி சொல்லும் எச்சரிக்கை அது. அதைக் கட் பீஸாக நறுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பேச்சை நடுவில் வெட்டுகிற மாதிரி இருக்கிறது.

மாலி நாட்டுச் சேற்றுத்துணியான போகோலான் வேறு ஜாதி. சுமார் 15 சென்டிமீட்டர் அகலத்தில் நெய்த கைநூற்புப் பட்டைகளைக் கரையோடு கரை சேர்த்துத் தைத்ததுதான் துணி, அதாவது குயில்ட்டுக்கு வருவதற்கு முன்பே அது ஒட்டுத்துணி. இலைக் கஷாயத்தில் தோய்த்து மஞ்சளாக்குவார்கள், அதில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஆற்றுப்படுகையிலிருந்து எடுத்துப் பானையில் மாதக்கணக்கில் புளிக்கவைத்த சேற்றில் இரும்பு இருக்கிறது. சேற்றைத் தீட்டிய இடத்தில் இரண்டும் சேர்ந்து கறுப்பாகும். நம் கலம்காரியில் கடுக்காயும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்து கறுப்பாவது இதே வேதியியல். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கோலத்தைத் தீட்டுவதில்லை, கோலத்தைச் சுற்றியுள்ள காலி இடத்தைத் தீட்டுகிறார்கள். இரும்புக் கறுப்பில் ஒரு கேடும் உண்டு, அது காலப்போக்கில் நூலையே அரிக்கும். பழைய குயில்ட்டுகளில் கரும்பழுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்து ஓட்டையாகிப் பக்கத்து வண்ணங்கள் முழுசாக நிற்பதை அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

தைக்கும் இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கிராஸ் கட் பிளவுஸ் ஏன் உடம்போடு ஒட்டி நிற்கிறது? பாவு வழியாகவோ ஊடை வழியாகவோ இழுத்தால் நூலையே நீட்டப் பார்க்கிறோம், அது நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் நூல்கள் நீளத் தேவையில்லை, நூல்களுக்கு இடையே உள்ள சதுரம் சாய்சதுரமாக நழுவினால் போதும். பிளவுஸுக்கு நல்லது, குயில்ட்டில் முக்கோணத்தின் நீள ஓரம் இப்படி இழுபட்டால் விரிப்பு அலையலையாகிவிடும். ஷ்வெஷ்வேயின் கஞ்சி இந்த நழுவலைத்தான் தடுத்தது. ஆகவே அனுபவசாலிகள் துணியை அலசிச் சுருங்கவிட்டு, காயவைத்து, திரும்பவும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து அப்புறம் வெட்டுகிறார்கள். கழுவியதையே மறுபடி பூசுவதா என்று எனக்கு முதலில் சிரிப்பு வந்தது.

குயில்ட்டில் கதகதப்பைத் தருவது துணி என்று நினைப்போம். நிஜத்தில் வேலை செய்வது பஞ்சுக்குள் நகர முடியாமல் நிற்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும், தண்ணீர் அதைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். நனைந்த போர்வை குளிர்வது அதனால். தையல் நெருக்கமானால் பஞ்சு அமுங்கிக் காற்று போய்விடும், தள்ளித் தள்ளிப் போட்டால் இரண்டு துவையலில் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிவிடும். வடக்கு நைஜீரியாவில் குதிரைகளுக்கே இப்படித் தைத்த கவசம் உண்டு, உள்ளே இலவம் பஞ்சு.

இனி ஆட்கள் விஷயம். இரட்டைக்கட்டில் அளவுக்கு மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்ட மரச்சட்டம் வேண்டும், சட்டத்தில் கட்டிவிட்டால் ஒருவர் கை எட்டுவது இரண்டடி. அதனால் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, முடிந்த பகுதியைச் சுருட்டிக்கொண்டே உள்ளே போவார்கள். ஊர்க்கதை பேசவென்றே கூடினார்கள் என்பார்கள், கையின் நீளமும் ஒரு காரணம். அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள் நைந்த வேலைச்சட்டைகளையும் ஜீன்ஸையும் வைத்துத் தைத்தவை பிற்பாடு பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. அந்த வட்டாரத்தில் 1966இல் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவு பிறந்தது. 1985இல் கறுப்பினக் குயில்ட் கலைஞர்களுக்கென ஒரு வலையமைப்பைத் தொடங்கிய கேரலின் மஸ்லூமி அடிப்படையில் விண்வெளிப் பொறியாளர், அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

மரச்சட்டமே இல்லாமலும் வழி இருக்கிறது, அது நமக்குப் பக்கத்திலேயே. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான கர்நாடகத்துச் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற குயில்ட்டில் ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போகிறார்கள். ஒட்டுவதும் மூன்றடுக்காகப் பிடிப்பதும் ஒரே ஓட்டுத்தையலில் முடிகிறது, மடியில் வைத்தே தைக்கலாம். நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துணியில் பூ வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறதாம்.

தோழி தந்ததில் அரை மீட்டர் மிச்சமிருந்தது. போன வாரம் அதை வாளியில் போட்டேன். முதல் தண்ணீர் கஞ்சியும் நீலமுமாகக் குழம்பு மாதிரி வந்தது, இரண்டாவது மூன்றாவது தெளிந்துகொண்டே போனது, ஐந்தாவது தண்ணீரில்தான் வாளியின் அடி தெரிந்தது. கொடியில் காய்ந்ததை எடுத்துப் பார்த்தால் கைத்தறித் துண்டு மாதிரிக் குழைகிறது, இன்ச் டேப்பில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைகிறது.