டேட்டா கோப்புகளை நகர்த்தும் முன் சர்வரிடம் சொல்லுங்கள்

காலை எட்டேகாலுக்கு ஒரு ஜவுளிக் கடையிலிருந்து ஃபோன். பில் போட முடியவில்லை. முந்தைய இரவு சி டிரைவ் நிரம்பிவிட்டதால் புது எஸ்எஸ்டி போட்டிருக்கிறார்கள். பில் டேட்டாபேஸை நடத்தும் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரை நிறுத்தி, டேட்டா கோப்புகளைக் கட் செய்து ஈ டிரைவில் பேஸ்ட் செய்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தால், டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்திலேயே 'ரெக்கவரி பெண்டிங்' என்று நிற்கிறது; அதாவது, சர்வரால் அதைத் திறக்க முடியவில்லை.

டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எம்டிஎஃப் (டேட்டா கோப்பு), எல்டிஎஃப் (லாக் கோப்பு) இரண்டும் பத்திரமாக இருந்தன. ஆனால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற முழு முகவரியையும் சர்வர் தன் மாஸ்டர் டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கிறது. நாம் எக்ஸ்புளோரரில் நகர்த்தியது அதற்குத் தெரியாது. பழைய வாசலிலேயே போய்த் தட்டிக்கொண்டிருக்கும்.

'ஆல்டர் டேட்டாபேஸ்… மாடிஃபை ஃபைல்' கட்டளையில் புது முகவரியைக் கொடுத்தேன். அப்போதும் திறக்கவில்லை. 5120 என்ற பிழை, 'ஆக்ஸஸ் டினைடு'. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு டிரைவிலிருந்து இன்னொரு டிரைவுக்குப் போகும் கோப்பு பழைய பெர்மிஷனைக் கூடவே கொண்டுபோகாது; போய்ச் சேரும் ஃபோல்டரின் பெர்மிஷனைத்தான் வாங்கிக்கொள்ளும். புது ஃபோல்டரில் எஸ்கியூஎல் சர்வீஸ் கணக்குக்கு, அதாவது சர்வர் எந்த விண்டோஸ் கணக்கில் ஓடுகிறதோ அதற்கு, உரிமையே கொடுக்கவில்லை. முழு உரிமை கொடுத்த பிறகுதான் டேட்டாபேஸ் ஆன்லைனுக்கு வந்தது.

நான் செய்யும் வரிசை இது. முதலில் முழு பேக்கப் எடுத்து, வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்த்துவிடுவேன். பிறகு புது ஃபோல்டர், அதற்குப் பெர்மிஷன். அடுத்து ஆல்டர் கட்டளை. அந்த முகவரியில் கோப்பு இருக்கிறதா என்று அந்தக் கட்டளை சரிபார்ப்பதில்லை; ஓர் எழுத்து பிசகினாலும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். அதனால் முகவரியைக் கையால் டைப் செய்யவே மாட்டேன், காப்பி-பேஸ்ட்தான். பிறகு டேட்டாபேஸை ஆஃப்லைன் ஆக்கி, கோப்புகளையும் காப்பி மட்டுமே செய்து, மீண்டும் ஆன்லைன். தயவுசெய்து கட் வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் எது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க நேரிடும்.

சர்வர் தன் தற்காலிக வேலைக்கு வைத்திருக்கும் டெம்ப்டிபி டேட்டாபேஸின் விஷயம் வேறு. அதைக் காப்பி செய்யவே வேண்டாம். முகவரியை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் புது இடத்தில் தானே உருவாக்கிக்கொள்ளும். ஆனால் நீங்கள் கொடுத்த ஃபோல்டர் அங்கே இல்லையென்றால் சர்வீஸே எழுந்திருக்காது. ஒரு டேட்டாபேஸ் அல்ல, அந்தச் சர்வரில் இருக்கும் அத்தனையும் நின்றுவிடும்.

ஆன்லைனுக்கு வந்ததும், டேட்டாபேஸில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் டிபிசிசி செக்டிபி கட்டளையை ஓட்டுங்கள். ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் புது ஃபோல்டரைச் சேருங்கள். சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் டீஃபால்ட் இடத்தையும் மாற்றுங்கள். இல்லையென்றால் அடுத்து உருவாக்கும் டேட்டாபேஸ் மறுபடி சி டிரைவிலேயே போய் உட்காரும்.

பழைய கோப்புகளை ஒரு வாரம் நான் அழிப்பதில்லை; ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றி வைப்பேன். யாரோ எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட் ஏதாவது பழைய முகவரியைத் தேடினால், அந்த ஒரு வாரத்துக்குள் பிழை காட்டிக் கொடுத்துவிடும்.