சைலமா, காழா?

தமிழ்நாட்டில் பள்ளி அறிவியல் படித்தவர்களுக்குச் சைலம், ஃபுளோயம் இரண்டும் பழகிய பெயர்கள். வேர் உறிஞ்சும் நீரையும் அதில் கரைந்த தாது உப்புகளையும் மேலே ஏற்றுவது சைலம். இலையில் தயாரான சர்க்கரையை வேர், காய், கிழங்கு எனத் தேவைப்படும் இடங்களுக்குக் கொண்டுசேர்ப்பது ஃபுளோயம். இதையே யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்த பிள்ளையிடம் கேட்டால் காழ், உரியம் என்று சொல்லும். இலங்கைப் பாடநூல்கள் பல பத்தாண்டுகளாக இந்தச் சொற்களைத்தான் ஆள்கின்றன.

முதலில் அயற்சொல்லின் கதை. கிரேக்கத்தில் ‘சைலான்’ என்றால் மரக்கட்டை. மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோன் கருவியின் பெயரிலும் இருப்பது அதே சொல்தான். ‘ஃபுளோயாஸ்’ என்றால் மரப்பட்டை. சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் கார்ல் நேகெலி 1858இல் இவ்விரண்டிலிருந்தும் சைலம், ஃபுளோயம் என்று பெயர் அமைத்தார். கட்டைப் பக்கம் இருப்பது, பட்டைப் பக்கம் இருப்பது என்பதற்கு மேல் அந்தப் பெயர்களில் ஒன்றுமில்லை. நீர், உணவு, கடத்தல் என்ற குறிப்பு எதுவும் அவற்றில் கிடையாது.

சைலம் செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்கக் காசித்தும்பைச் செடி போதும். அதன் தண்டு ஏறக்குறைய ஒளி ஊடுருவும் அளவுக்குத் தெளிவானது. ஒரு கிளையை வெட்டிச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தினால், சில மணி நேரத்தில் தண்டுக்குள் சிவப்புக் கோடுகள் மேலேறுவது தெரியும். தண்டைக் குறுக்கே நறுக்கினால் அந்தக் கோடுகள் வட்டமாக அடுக்கிய புள்ளிகளாக நிற்கும். மக்காச்சோளத் தண்டில் இதையே செய்தால் வட்டம் இருக்காது. புள்ளிகள் தண்டு முழுக்கச் சிதறி, ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் கலைந்தும் கிடக்கும்.

இந்த வேறுபாட்டின் விளைவைத் தொல்காப்பியம் பெயரிட்டே சொல்லியிருக்கிறது. அதன் மரபியல் என்ற இயலில் வரும் நூற்பாக்கள் இவை: ‘புறக்காழனவே புல்லென மொழிப’, ‘அகக்காழனவே மரனென மொழிப’. காழ் என்றால் வைரம், அதாவது மரத்தில் முற்றி இறுகிய பகுதி. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை புல். உட்புறம் வைரம் பாய்ந்தவை மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் இந்தக் கணக்கில் புல்தான். பழைய வீட்டுக் கூரையில் பனங்கை போட்டவர்களுக்கு இது நூல் படித்துத் தெரியவேண்டிய சங்கதி அல்ல. பனையில் உறுதியெல்லாம் வெளிவட்டத்தில். நடுவில் இருப்பது நார் கலந்த மெத்தென்ற சோறு. தேக்கிலும் வேங்கையிலும் நேர்மாறு. இன்றைய தாவரவியல் ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரிப்பதும் பெரும்பாலும் இதே கோட்டை ஒட்டித்தான் போகிறது.

காழ் என்பது பெயர் மட்டுமல்ல, வினையும் கூட. காழ்த்தல் என்றால் முற்றி இறுகுதல். ‘இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து’ என்ற குறளில் (879) வருவது அதுதான்: முள்மரத்தைக் கன்றாக இருக்கும்போதே வெட்டிவிடு, முற்றிவிட்டால் வெட்டுபவன் கையைப் பதம் பார்க்கும். நாளிதழ்களில் தினமும் அடிபடும் ‘காழ்ப்புணர்ச்சி’யும் இதன் உறவுதான், ஆறாமல் உள்ளேயே இறுகிப்போன பகை. வழக்கொழிந்த சொல் என்று காழைத் தள்ளுகிறவர்கள் இந்தச் சொல்லை மட்டும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு தடை எழுப்பலாம், அது நியாயமான தடையும்கூட. மரம் முதிரும்போது நடுப்பகுதியின் குழாய்கள் பிசின் போன்ற பொருள்களால் அடைபட்டு, நீர் கடத்துவதை நிறுத்திவிடும். நாம் வைரம் என்று சொல்வது அந்தப் பகுதியைத்தான். நீர் ஏறுவது அதைச் சுற்றியுள்ள வெளுத்த கட்டையில். நடுத்தண்டு பொந்தாகிப் போன புளியமரம் ஆண்டுதோறும் தளிர்ப்பது இதனால்தான். ஆகவே தொல்காப்பியர் சொன்ன காழ் பெரும்பாலும் வேலை முடித்து ஓய்ந்த சைலம். இருந்தும் இது சொல்லைக் கைவிடப் போதுமான காரணம் அல்ல. கிரேக்கனின் ‘சைலான்’ வெறும் கட்டைதானே. நேகெலி அதன் பொருளை விரித்துக்கொண்டார். நாமும் விரித்துக்கொள்ளலாம். இன்னொரு பொருத்தமும் உண்டு: நீர் செல்லும் குழாய்ச் செல்களே சுவரில் லிக்னின் என்ற கெட்டிப்பொருள் படிந்து இறுகி, உள்ளிருப்பதெல்லாம் கரைந்து செத்த பிறகுதான் குழாயாகின்றன. அந்த இறுகலுக்குக் காழ்த்தல் என்பதைவிடக் கச்சிதமான வினை தமிழில் இல்லை.

உரியம் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. உரி என்றால் தோல், பட்டை, உரிப்பதால் வருவது. சணலையும் புளிச்சையையும் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தெடுக்கும் நார் இந்தத் திசுவின் நார்தான். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை ஒரு வளையமாக உரித்துவிட்டால், மரம் உடனே வாடாது. நீர் கட்டை வழியே ஏறிக்கொண்டேயிருக்கும். சர்க்கரை கீழே இறங்க வழியில்லாமல் வளையத்துக்கு மேலே பட்டை புடைத்து, வேர் பட்டினி கிடந்து, பிறகுதான் மரம் சாகும். இத்தாலியரான மால்பிகி 17ஆம் நூற்றாண்டிலேயே வளையமாகப் பட்டையை நீக்கி இந்தப் புடைப்பைப் பார்த்தார். பனையை இப்படிக் கொல்ல முடியாது, ஏனென்றால் அதன் உரியம் பட்டையோரம் ஒரே அடுக்காக இல்லாமல், காழோடு சேர்ந்து தண்டெங்கும் சிதறிக் கிடக்கிறது.

உரியத்தின் குழாய்களைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘சல்லடைக் குழாய்’ என்கிறது. இலங்கைப் பாடநூலில் அது ‘நெய்யரிக்குழாய்’. நெய்யரி என்பது பன்னாடை, அதாவது பனை, தென்னை மட்டையின் அடியில் வலைபோல் இருக்கும் நார்த்துணி. நெய் வடிகட்டப் பயன்பட்டதால் அந்தப் பெயர். நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நன்னூல் கடைமாணாக்கனுக்கு நெய்யரியை உவமை காட்டும். அந்த வசைக்குரிய பொருள் தாவரத்துக்குச் சோறு ஊட்டும் குழாய்க்குப் பெயரானது எனக்குப் பிடித்திருக்கிறது. செடியின் நெய்யரி சாரத்தைத்தான் கடத்துகிறது.

தமிழ்நாட்டு மாணவர் தேர்வில் சைலம் என்றே எழுதட்டும், மதிப்பெண் அங்கேதான். மற்ற இடங்களில், குறிப்பாகத் தோட்டம், மரம்வளர்ப்பு பற்றித் தமிழில் எழுதும்போது, காழ், உரியம் என்று எழுதி முதல்முறை மட்டும் சைலம், ஃபுளோயம் என்று பக்கத்தில் குறித்தால் போதும். காழ்நார், காழ்க்கலன், உரியநார் என்று கூட்டுச்சொல் ஆக்கவும் இவை எளிதாக வளைந்துகொடுக்கின்றன.